முறைவைத்து எழுதிய உலகம்: பிரோன்டே உடன்பிறந்தாரின் பாத்திரமேற்பு எழுத்து

முன்னுரை

ஒரு படைப்புக்கு ஆசிரியர் ஒருவர் உண்டு என்பது திறனாய்வு நெடுங்காலமாகக் கேள்விக்கு உட்படுத்தாது ஏற்றுவந்துள்ள எடுகோளாகும். ஆசிரியர் பெயர் தெரியாத பாடலுக்குக்கூட அப்பாடலில் வரும் தொடர் ஒன்றையே பெயராக்கி வழங்கியது நம் தொகைமரபு. ஆயின் இருவரோ நால்வரோ தமக்குள் பாத்திரங்களைப் பகிர்ந்துகொண்டு, ஒருவர் எழுதியதற்கு மற்றவர் தம் பாத்திரத்தின் நிலையில் நின்று மறுமொழி எழுத, அம்மறுமொழியாலேயே கதை நகரும் எழுத்துமுறை ஒன்று உண்டு. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கி வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டுக்குப் பின்னர் இது ரோல்பிளேயிங், அதாவது பாத்திரமேற்பு விளையாட்டு என்னும் பெயரால் பரவலாக அறியப்பட்டது. மேசையைச் சுற்றி அமர்ந்து பேச்சால் ஆடப்பெற்ற அது, அஞ்சல் வழியாகவும் பின்னர்க் கணினி வழியாகவும் எழுத்தால் ஆடப்பெறலாயிற்று. எழுத்தால் ஆடுவோரிடையே சில வழக்காறுகள் நிலைபெற்றுள்ளன. தத்தம் பாத்திரத்துக்காக மட்டுமே பேச வேண்டும். பிறர் பாத்திரத்தின் காயத்தையோ சாவையோ தாமே முடிவுசெய்தல் ஆகாது. அடுத்து எழுதுபவர் பற்றிக்கொள்வதற்கு ஏதேனும் ஒன்றை விட்டுவைத்தே தம் முறையை முடிக்க வேண்டும் என்பன அவற்றுள் முதன்மையானவை.

இவ்வழக்காறுகள் எவையும் எழுதப்பெறாத காலத்திலேயே இவ்வெழுத்துமுறையை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இடைவிடாது பயின்ற குடும்பம் ஒன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஹாவொர்த் என்னும் ஊரில் இருந்தது. சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் என்னும் பிரோன்டே உடன்பிறந்தார் நால்வரும் விட்டுச்சென்ற கண்ணாடி நகர், ஆங்கிரியா, கோண்டல் ஆகிய கற்பனை உலகங்களை ‘இளமைக்கால எழுத்து’ என்றும், ‘ஜேன் ஐர்’, ‘உதரிங் ஹைட்ஸ்’ ஆகிய நாவல்களுக்கான பயிற்சிக்களம் என்றும் கொள்வதே பெருவழக்கு. அவற்றை முறைவைத்து எழுதிய கூட்டு ஆக்கமாகக் கொண்டு படித்தாலன்றி அவற்றின் அமைப்பும் அவற்றுள் நிகழும் மோதலும் விளங்கா என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

தொடக்கமும் உரிமையும்

1826 ஜூன் மாதத்தில் தந்தை பாட்ரிக் பிரோன்டே லீட்ஸ் நகரிலிருந்து மகன் பிரான்வெல்லுக்காக மரத்தாலான படைவீரர் பொம்மைகள் பன்னிரண்டினை வாங்கிவந்தார். தாய் 1821-இல் மறைந்திருந்தார். மூத்த சகோதரியர் மரியா, எலிசபெத் இருவரும் 1825-இல் சில வார இடைவெளியில் இறந்திருந்தனர். எஞ்சிய நால்வருள் மூத்தவரான சார்லட்டுக்கு அப்போது வயது 10. இளையவரான ஆனுக்கு 6. பொம்மை வந்த காலையில் நால்வரும் ஆளுக்கொன்றாக எடுத்துப் பெயரிட்டனர். சார்லட் வெலிங்டன் பிரபுவையும் பிரான்வெல் நெப்போலியனையும் கொண்டனர். எமிலியின் வீரன் முகத்தோற்றத்தால் ‘கிரேவி’ எனப்பட்டான். ஆனின் வீரன் ‘காத்திருக்கும் சிறுவன்’ எனப்பட்டான். பின்னர் இவ்விருவரும் வடதுருவப் பயணிகளான பாரி, ராஸ் ஆகியோரின் பெயர்களைப் பெற்றனர்.

இந்நிகழ்ச்சிக்கு இரண்டு பதிவுகள் உள்ளமை கருதத்தக்கது. சார்லட் 1829-இல் எழுதிய குறிப்பில், தாமே பாய்ந்து ஒன்றைக் கைப்பற்றித் தமது என அறிவித்ததாகக் கூறுகிறார். பிரான்வெல் 1830-31-இல் எழுதிய ‘இளைஞர் வரலாறு’ வேறுவிதமாகக் கூறுகிறது. சகோதரியர் இட்ட பெயர்களுக்குத் தாம் இசைவளித்ததாகவும், பொம்மைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையே முதலில் அவர்களுக்குத் தந்து உடைமையையும் முடிவு உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொண்டதாகவும், சிறிது காலத்துக்குப் பின்னரே அவற்றை அவர்களுக்கே உரியனவாக்கியதாகவும் அவர் வரைகிறார். வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் முதற்பதிவை விரும்பி எடுத்தாள்வர். அதில் ஒரு குழந்தையின் துள்ளல் இருக்கிறது. ஆயின் இவ்வெழுத்துமுறையை ஆராய்வோர்க்கு இரண்டாவதே இன்றியமையாதது. ஒரு பாத்திரத்தைப் பேசவைக்கும் உரிமையும் அதனை முடித்துவைக்கும் உரிமையும் வெவ்வேறானவை, அவை வெவ்வேறு கைகளில் இருத்தல் கூடும் என்பதைப் பதின்மூன்று வயதுச் சிறுவன் பிரித்தறிந்து எழுதியிருக்கிறான். பின்னாளில் நேர்ந்த மோதல் அனைத்தும் இவ்வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

ஆட்டம் தொடங்குவதற்குப் பாத்திரம் மட்டும் போதாது, களம் வேண்டும். பிளாக்வுட்ஸ் இதழில் வந்த ஆப்பிரிக்கப் பயணக் கட்டுரைகளும் வீட்டிலிருந்த புவியியல் நூலும் தந்த செய்திகளைக் கொண்டு மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் கண்ணாடி நகர் எழுப்பப்பட்டது. அரபுக்கதைகளிலிருந்து பூதங்கள் வந்தன. பிரான்னி, டாலி, எம்மி, ஆன்னி என்னும் நான்கு தலைமைப் பூதங்களும் அந்நால்வரே ஆவர். போரில் மாண்ட வீரரை உயிர்ப்பிக்கும் ஆற்றல் இப்பூதங்களுக்கு இருந்தது. இதனைச் சிறுபிள்ளைக் கற்பனை என ஒதுக்குதல் பொருந்தாது. ஒருவர் கொன்ற பாத்திரத்தை மற்றவர் மீட்டுக்கொள்வதற்கான விதி அது. அதாவது, ஆட்டத்துக்கு வெளியே எழக்கூடிய பிணக்கை ஆட்டத்துக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடாகும்.

1829 ஜனவரியில் பிரான்வெல் தொடங்கிய கையெழுத்து இதழைச் சில மாதங்களில் சார்லட் ஏற்று நடத்தினார். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவினதாய், அச்செழுத்தைப் போல் நுணுக்கி எழுதப்பெற்ற இவ்விதழ்கள் பொம்மை வீரர்கள் படிக்கத்தக்க அளவில் அமைந்தவை. இவற்றில் சார்லட் கேப்டன் ட்ரீ, சார்லஸ் வெல்லெஸ்லி பிரபு முதலிய பெயர்களிலும் பிரான்வெல் கேப்டன் பட், இளைய சூல்ட் முதலிய பெயர்களிலும் எழுதினர். சார்லட் ஏற்ற பெயர்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் பழிப்பதும் உண்டு. 1830-இல் எழுதிய ‘பாரியின் அரண்மனையில் ஒரு நாள்’ என்னும் பகுதியில் எமிலியின் நாட்டை யார்க்‌ஷயரைப் போன்ற சுவையற்ற நாடாகச் சார்லட் எள்ளுகிறார். சகோதரியைக் கேலி செய்ததாக மட்டும் இதனைக் கொள்ளவியலாது. களத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு இங்குப் பாத்திரத்தின் வாய்மொழியாக வெளிப்படுகிறது. எமிலி பின்னர்க் கோண்டலை எங்கே நிறுவினார் என்பதை நோக்கினால் அவர் அந்த எள்ளலுக்குத் தந்த விடை புலப்படும். பசிபிக்கின் வடபகுதியிலுள்ள தீவு என்பது பெயரளவே. மழையும் பனிக்காற்றும் புதர்நிலமும் யார்க்‌ஷயருக்கே உரியவை.

டச்சஸ் மேரியின் சாவு

1831 ஜனவரியில் சார்லட் ரோ ஹெட் பள்ளிக்கு மாணவியாகச் சென்றபோது நால்வர் கூட்டு முறிந்தது. எமிலியும் ஆனும் பிரிந்து கோண்டலைத் தொடங்கினர். சார்லட் திரும்பியபின் அவரும் பிரான்வெல்லும் 1834-இல் ஆங்கிரியா என்னும் புதிய அரசை நிறுவினர். அதன் மன்னன் ஸமோர்னா சார்லட்டுக்கு உரியவன். அவனுக்கு மாமனும் பகைவனுமாகிய நார்த்தாங்கர்லாண்ட் பிரான்வெல்லுக்கு உரியவன். இவ்விருவரையும் பிணைப்பவள் மேரி பெர்சி. ஒருவனுக்கு மகள், மற்றவனுக்கு மனைவி. ஆகவே அவள் யாருடைய பாத்திரம் என்பதற்குத் தெளிவான விடை இல்லை.

1835-இல் சார்லட் அதே ரோ ஹெட்டுக்கு ஆசிரியையாகத் திரும்பினார். ஹாவொர்த்துக்கும் அதற்கும் ஏறத்தாழ 20 மைல். நாள் முழுதும் பாடம் சொல்லிக்கொடுத்த களைப்பில் எழுத நேரமின்றி அவர் தவித்திருக்க, வீட்டிலிருந்த பிரான்வெல் போர்களைத் தொடுத்து ஆங்கிரியாவை வீழ்த்தி ஸமோர்னாவை நாடு கடத்தினார். கதையின் போக்கைச் சார்லட் தம்பியின் கடிதங்கள் வழியே அறிந்தார். 1836-இல் கணவனைப் பிரிந்த மேரி நலிந்து இறக்கும் நிலைக்குப் பிரான்வெல் கதையைக் கொண்டுவந்தார். சார்லட்டின் ரோ ஹெட் குறிப்புகளில், தம்பி உண்மையிலேயே டச்சஸைக் கொன்றுவிட்டானா, அவள் அடக்கம் செய்யப்பட்டுவிட்டாளா என்னும் பொருள்பட அமைந்த பகுதி ஒன்று உள்ளது. விடுமுறைக்கு வீடு திரும்பியதும் ஸமோர்னாவின் மீட்சியை எழுதிய சார்லட், அதில் மேரியை உயிரோடு வைத்தார்.

சார்லட்டின் குறிப்புகளைப் படித்த திறனாய்வாளர் பலர், கற்பனைக்கும் நடப்புக்கும் இடையே எல்லையழிந்த மனநிலையின் சான்றாக இப்பகுதியைக் கொள்வர். 1857-இல் சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எலிசபெத் காஸ்கெல், கட்டாகத் தம் கைக்கு வந்த இவ்வெழுத்துகளைப் பித்தின் எல்லையைத் தொடும் கற்பனை என்னும் கருத்துப்படவே அறிமுகப்படுத்தினார். அம்மதிப்பீடு நெடுநாள் நிலைத்தது. தனியாசிரியர் என்னும் எடுகோளோடு நோக்கினால் வேறு முடிவுக்கு வரவும் இயலாது. தாம் படைத்த பாத்திரம் இறந்துவிட்டதா என ஓர் ஆசிரியர் ஐயுறுதல் பித்தன்றி வேறென்ன? ஆயின் முறைவைத்து எழுதும் கூட்டு ஆக்கமாக நோக்குமிடத்து அவ்வினாவில் விந்தை ஒன்றுமில்லை. விடை உண்மையாகவே 20 மைலுக்கு அப்பால் வேறொருவர் கையில் இருந்தது. ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள விரும்புபவர் கேட்கும் வினா அது. தம் முறை வராத நிலையில், தமக்கும் பங்குள்ள பாத்திரம் ஒன்று தம் இசைவின்றி முடிக்கப்படுவதைத் தொலைவிலிருந்து காண நேர்ந்தவரின் பதற்றம் அதில் ஒலிக்கிறது.

மேரியின் மீட்சி வெறும் பிடிவாதமும் அன்று. இறந்தோரை எழுப்பும் பூதங்கள் ஆங்கிரியாவின் காலத்தில் வழக்கொழிந்துவிட்டன. எனவே சார்லட் அற்புதத்தால் அவளை எழுப்பாமல், அவள் இறக்கவில்லை என நம்பத்தக்க சூழலை எழுத வேண்டியிருந்தது. பிறர் எழுதியதை மறுக்காமலே திருத்தும் இக்கட்டாயத்தை அவர் தம் நாவல்களிலும் மறந்தார் எனக் கூற இயலாது. ‘ஜேன் ஐர்’ நாவலில் மறைக்கப்பட்ட மனைவி ஒருத்தி உயிரோடிருக்கும் செய்தி திருமண மேடையில் வெளிப்படுமிடத்தை இங்கு நினைத்துக்கொள்ளலாம். இதனை நான் மூலமும் வழியுமாக வலியுறுத்தவில்லை. ஒப்புமை கருதியே சுட்டுகிறேன்.

கோண்டலும் கூற்றும்

கோண்டலின் நிலை வேறு. எமிலியும் ஆனும் எழுதிய கோண்டல் உரைநடை முழுவதும் அழிந்துவிட்டது. எஞ்சியவை பாடல்களும், பாத்திரப் பெயர்ப்பட்டியல் போன்ற துணுக்குகளும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இருவரும் எழுதிவைத்த நாட்குறிப்புத் தாள்களுமே. வீட்டிலிருந்த புவியியல் நூலின் அகரநிரலில் ஆன் தம் கையாலேயே கோண்டல், கால்டின் முதலிய கற்பனை நாடுகளைச் சேர்த்து எழுதியிருக்கிறார். கோண்டலின் இருப்பைக் காட்டும் சான்றுகளுள் எனக்கு மிக விருப்பமானது அதுவே.

பாடல்களின் தலைப்பில் ‘ஏ.ஜி.ஏ.’ என்பது போன்ற முதலெழுத்துகளோ, இன்னார் இன்னாருக்கு உரைத்தது என்னும் குறிப்போ காணப்படுகின்றன. அகப்பாடலின் அடியில் தலைவி தோழிக்குச் சொல்லியது என்பது போல் அமைந்த குறிப்பைப் படித்துப் பழகியவர்க்கு இது புதிதன்று. செய்யுளியலில் தொல்காப்பியர் எண்ணும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றுடன் முன்னம் என்பதும் ஒன்று. இடத்தையும் காலத்தையும் கொண்டு இக்கூற்று இன்னார்க்கு உரியது என உய்த்துணரச் செய்வது அது. கதை முழுதும் கையில் இல்லாத நிலையில் ஒரு கூற்றை எவ்வாறு படிப்பது என்னும் சிக்கலுக்கு நம் இலக்கணமும் உரைமரபும் வகுத்த வழி இவ்வுறுப்புகளில் அடங்கியுள்ளது.

மேலைத் திறனாய்வு இங்கு வேறு வழி சென்றது. 1941-இல் வெளிவந்த ஆய்வு நூலால் இவ்வுலகங்களைக் கல்வியுலகின் கவனத்துக்குக் கொணர்ந்த ஃபேனி ராட்ச்ஃபோர்ட், 1955-இல் வெளியிட்ட ‘கோண்டலின் அரசி’ என்னும் நூலில் எமிலியின் பாடல்களை ஒரே தலைவியின் வாழ்க்கைக் கதையாக வரிசைப்படுத்தினார். அவ்வாறு இணைப்பதற்காக அகஸ்டா, ரோசினா, ஜெரால்டின் என்னும் பெயர்களை ஒருத்திக்கே உரியனவாகக் கொண்டார். அவருடைய உழைப்பு பெரிது; ஆயின் அடிப்படைக் கருத்து ஏற்கத்தக்கதன்று. கோண்டல் இருவர் ஆடிய ஆட்டம். அதில் ஆனின் பாத்திரங்கள் தத்தம் முறையில் என்ன செய்தன என்பது கிடைக்காத நிலையில், எமிலியின் முறைகளை மட்டும் தொகுத்து முழுக்கதை ஆக்குதல், உரையாடலில் ஒருவர் பேச்சை மட்டும் கோத்துத் தனிமொழியாக்குவதை ஒக்கும். குறுந்தொகைப் பாடல்களை எல்லாம் ஒரே தலைவன் தலைவியின் வரலாறாகக் கோவைப்படுத்த ஒருவர் முனைந்தால் நாம் என்ன சொல்வோமோ, அதனையே ஈண்டும் சொல்ல வேண்டும். கோவை என்னும் இலக்கிய வகை அதனைச் செய்தது உண்மையே. எனினும் அதனைப் புது நூலாகவே செய்தது, தொகைப் பாடல்களுக்கு உரையாகச் செய்யவில்லை.

வேறுபாடும் உண்டு. அகமாந்தர்க்கு இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. கோண்டல் மாந்தரோ பெயரும் நாடும் உடையவர். இவ்வேறுபாட்டை எமிலியே ஒருமுறை அழிக்க நேர்ந்தது. 1844-இல் அவர் தம் பாடல்களை இரண்டு ஏடுகளில் பெயர்த்தெழுதியபோது ஒன்றனைக் கோண்டல் பாடல்களுக்கென ஒதுக்கினார். 1845 இலையுதிர்காலத்தில் சார்லட் எமிலியின் பாடல் ஏடு ஒன்றைத் தற்செயலாகக் கண்டெடுத்துப் படித்தார். எமிலி சினந்தார், அச்சிட இசைவிப்பதற்குச் சில நாட்கள் ஆயின. 1846-இல் கறர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்னும் புனைபெயர்களில் வெளிவந்த தொகுதியில் கோண்டலின் சுவடுகள் நீக்கப்பட்டன. ஆர். அல்கோனா ஜே. பிரென்சைடாவுக்கு உரைத்ததாக 1845 மார்ச் 3-ஆம் நாளிட்டு எழுதிய பாடல் ‘நினைவு’ என்னும் தலைப்பைப் பெற்றது. அதில் வந்த அங்கோரா என்னும் கற்பனைக் கரையின் பெயர் வெறும் வடகரை எனப் பொதுவாயிற்று. அத்தொகுதியில் விற்றவை இரண்டே படிகள். எனினும் அப்பாடல் ஆங்கிலத் தன்னுணர்ச்சிப் பாடல்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றாகப் பின்னர் இடம்பெற்றது. பெயர் நீங்கியதால் அப்பாடல் எமிலியின் சொந்தத் துயராகப் படிக்கப்பட்டது. அவர் காதலித்தது யாரை எனத் தேடியவரும் உளர். கூற்று நிகழ்த்துபவர் வேறு, பாடிய புலவர் வேறு என்னும் தெளிவு இருந்திருப்பின் அத்தேடல் நிகழ்ந்திராது. வெள்ளிவீதியார் முதலியோர் அகப்பாடல்களைச் சொந்த வரலாறாகப் படிக்கும் போக்கு நம்மிடையேயும் உண்டு என்பதை இங்குக் குறிப்பிட்டாக வேண்டும். அகநானூற்றிலேயே ஔவையார் அதற்கு இடம் தருகிறார் என்பது வேறு செய்தி.

ஆட்டம் எழுத்தோடு நின்றுவிடவில்லை. 1845 ஜூன் 30-இல் எமிலியும் ஆனும் யார்க் நகருக்குச் சென்ற பயணத்தில், வழிநெடுக அரண்மனையிலிருந்து தப்பியோடும் கோண்டல் மாந்தராகத் தாங்கள் இருந்ததை எமிலி அடுத்த மாதம் எழுதிய தாளில் பெயர் பெயராகப் பட்டியலிடுகிறார். அப்போது எமிலிக்கு வயது 26, ஆனுக்கு 25. கோண்டல் முன்போலவே செழிப்பாக இருப்பதாக எமிலி எழுத, அதே வேளையில் ஆன் தம் தாளில் கோண்டல் மாந்தர் ஆடுவதற்கு நல்ல நிலையில் இல்லை என்றும், இனியேனும் தேறுவரா என்றும் எழுதுகிறார். இருவர் எழுதிய உலகம் ஒருவரிடத்து உயிரோடும் மற்றவரிடத்துத் தளர்ந்தும் இருப்பதை இவ்விரு தாள்களும் காட்டுகின்றன. தனியாசிரியர் ஆக்கத்துக்கு இந்நிலை ஒருபோதும் நேராது.

ஆடுவோர் இல்லாத பாத்திரங்கள்

தத்தம் பாத்திரத்துக்காகத் தாமே பேசுதல் என்னும் விதி நேர்மையானதாகத் தோன்றும். ஆயின் பேசுவதற்கு ஆளில்லாப் பாத்திரங்களை அவ்விதி காப்பதில்லை. கண்ணாடி நகர் எழுந்த நிலம் அஷாந்தி மக்களுக்கு உரியது. பன்னிரு வீரர் வந்திறங்கியதும் அவர்களோடு பொருகின்றனர். தோற்ற அஷாந்தி மன்னனின் மகன் குவாஷியா வெலிங்டனின் வீட்டில் வளர்க்கப்பெற்றுப் பின்னர் அவ்வரசுக்கு எதிராகக் கிளர்கிறான். சார்லட், பிரான்வெல் இருவரும் அவனை எழுதியுள்ளனர். ஆயின் இருவருள் எவரும் அவனைத் தம்முடையவனாக ஏற்கவில்லை. ஆகவே அவன் இருவருக்கும் பொதுப்பகைவன். எவர் முறையிலும் தாழ்த்தப்படத்தக்கவன். மேரிக்காகச் சார்லட் கொண்ட பதற்றத்தில் ஒரு துளியும் அவனுக்காகச் செலவிடப்படவில்லை. காலனிய மனப்பான்மை என ஒரு சொல்லில் இதனைக் கூறிவிடலாம். ஆனால் அம்மனப்பான்மை கருத்தாக மட்டும் அமையாமல், யார் எவருக்காகப் பேசலாம் என்னும் ஆட்டவிதியாகவே உருக்கொண்டது என்பதே காணத்தக்கது. அண்மைக் காலத்துப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் வீரர் வெட்டிச் சாய்ப்பதற்கென்றே வைக்கப்பெற்ற வேற்றினத்தாரைப் பற்றி எழுந்துள்ள விவாதமும் இவ்விடத்தையே தொடுகிறது.

பதிப்புச் சிக்கல்

1895-இல் சார்லட்டின் கணவர் ஆர்தர் பெல் நிக்கல்ஸிடமிருந்து இக்கையெழுத்துகளைக் கிளமென்ட் ஷார்ட்டர் பெற, அவை நூல் வணிகரும் சேகரிப்பாளருமான டி. ஜே. வைஸின் கைக்குச் சென்றன. வைஸ் அவற்றைப் பிரித்துக் கட்டடம் செய்து பலருக்கு விற்றார். சார்லட் பெயருக்கு விலை மிகுதி. ஆதலின் பிரான்வெல் எழுதியவை பலவும் சார்லட் பெயரில் போயின. ஒருவர் முறைக்கு அடுத்துவரும் மற்றவர் முறை வேறொரு நாட்டு நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் கிறிஸ்டின் அலெக்ஸாண்டர் சார்லட்டின் இளமைக்கால எழுத்துகளையும் விக்டர் நியூஃபெல்ட் பிரான்வெல்லின் எழுத்துகளையும் செம்மையாகப் பதிப்பித்தனர். எது எவருடையது என்னும் குழப்பம் அவர்களால் பெரிதும் நீங்கியது. அப்பணியின்றி இக்கட்டுரையில் கூறியவற்றுள் ஒன்றும் கூறியிருக்க இயலாது. எனினும் அப்பதிப்புகள் ஆசிரியர்வாரியாகப் பிரிந்தவை. 1836-இன் நிகழ்ச்சிகளை அறிய விரும்பும் மாணவர் இரு பதிப்புகளையும் அருகருகே திறந்துவைத்துக்கொண்டு, பிரான்வெல் மேரியை முடித்த பக்கத்திலிருந்து சார்லட் அவளை மீட்ட பக்கத்துக்குத் தாமே கடந்துசெல்ல வேண்டியுள்ளது. நாள்முறையில் இருவர் எழுத்தும் ஒரே ஏட்டில் மாறிமாறி நிற்கும் பதிப்பொன்று அமையுமாயின், ஆங்கிரியா முதன்முறையாக அது எழுதப்பெற்ற வடிவிலேயே வாசிக்கப்படும்.